ஏழாம் எண் வீட்டின் விரிசல்கள்

போன வாரம் கிள்ளானில் முடிக்குச் சாயம் போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். வயதைச் சொல்லப் போவதில்லை. சாயம் என்று வாயை விட்டுவிட்ட பிறகு மறைக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைக்காரப் பெண் கிண்ணத்தில் எதையோ கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். சுருக்கென்று மூக்கில் ஏறியது அமோனியா வாடை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"எரியுதா ஆன்டி? அமோனியா இல்லாதது இருக்கு, மாத்திடவா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். எரிச்சலில் வந்த தண்ணீர்தான். ஆனால் எரிச்சல் அடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அந்த வாடைக்கும் முடிக்கும் என் மனதில் சம்பந்தமே கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கட்டட வரைபட ஆபீசின் வாடை அது. அப்போது கம்ப்யூட்டர் ஏது? மெல்லிய டிரேசிங் தாளில் மையால் வரைவோம். அதை ரசாயனம் பூசிய இன்னொரு தாளோடு சேர்த்து ஓர் எந்திரத்துக்குள் விட்டால், அமோனியா ஆவி பட்டு நீலக் கோடுகளாக நகல் வெளியே வரும். சூடாக, கொஞ்சம் ஈரமாக. எந்திரம் இருந்த பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே நின்று நகல் எடுப்பது புதிதாகச் சேர்ந்தவர்களின் தலையெழுத்து. மூன்று மாதம் அழுதுகொண்டே சம்பளம் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் அம்மா தள்ளி உட்கார்ந்துகொள்வார். ஆனால் கோயிலில் யாரைப் பார்த்தாலும், "எம் மக பெரிய பெரிய பில்டிங் எல்லாம் வரையிறா" என்பார். அதுவரை நான் வரைந்ததெல்லாம் கழிவறைக் கதவுகள்.

தாளில் மை தப்பாக விழுந்துவிட்டால் பாதி பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பூப்போல சுரண்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒருநாள் ஒரு குளியலறையைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டையே போட்டுவிட்டேன். முதலாளி வந்து தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"பரவால்ல, பாத்ரூமுக்கு நல்லா காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்தான் சந்திரன். கட்டடக் கலைஞர். எல்லோரும் மிஸ்டர் சந்திரன் என்போம். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, குரலை உயர்த்தாத பேச்சு. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுவது இன்னமும் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவன் என்று முதலிலேயே தெரிந்தவன் ஏமாற்றினால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது?

நாங்கள் குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ரயில் பாதையை ஒட்டி, பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையாக நின்றன. கீழே செங்கல், மேலே பலகை, கூரையில் சிவப்பு ஓடு. முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அஞ்சடி நடைபாதை. அந்த அஞ்சடியில் ஒரு வீட்டின் சைக்கிளும் அடுத்த வீட்டின் துணிக்கொடியும் மூன்றாவது வீட்டின் கோழிக் கூடையும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். குடியிருந்தவர்கள் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள், மீதி அவர்களுடைய சொந்தபந்தம். எல்லோரும் வாடகைக்கு இருந்தவர்கள்தான். ஆனால் முப்பது நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் வாடகை வீடு என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒருநாள் மிஸ்டர் சந்திரன் என்னைக் கூப்பிட்டார். "நீ அந்த ஏரியா பொண்ணுதானே?" என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு வீட்டுச் சொந்தக்காரர் வரிசை முழுவதையும் பழுதுபார்க்கப் போகிறாராம். அதற்குச் சரியான அளவுப் படங்கள் வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு ஆண்கள் அளக்கப் போய், பெண்கள் விளக்குமாற்றோடு விரட்டிவிட்டார்களாம்.

"உன்ன உள்ள விடுவாங்க. அளந்து படம் போடு. குறையெல்லாம் எழுதிக்கிட்டு வா. எவ்ரி கிராக், எவ்ரி லீக். டாக்டர்கிட்ட போயி நோவ மறைக்கலாமா, சொல்லு?"

எவ்வளவு நியாயமான கேள்வி! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும், அளந்தவர் பெயருக்கு. அதில் முதன்முதலாக என் முதலெழுத்துகள் வரப் போகின்றன. அன்றைக்கே டோபி கடையில் கொடுத்து நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து வாங்கினேன். சுவரை அளக்கப் போகிறவளுக்கு எதற்குத் தேய்த்த சட்டை என்று அம்மா கேட்டார்.

மிஸ்டர் சந்திரன் சொன்னது போலவே என்னை உள்ளே விட்டார்கள். "இடிக்கவா வந்தே?" என்றுதான் முதல் வீட்டில் கேட்டார்கள். "இல்ல ஆன்டி, ரிப்பேர் பண்ண" என்றேன். அவ்வளவுதான், கதவு திறந்தது. என்னைத் தெரியும், என் அம்மாவைத் தெரியும், கோயிலில் கோலம் போடும்போது பார்த்திருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

ஏழாம் எண் வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர். அண்ணன் ராமையா, தங்கை தனம். இருவருக்குமே நாற்பதை ஒட்டிய வயது. தனம் அக்கா ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். நான் டேப்பை வெளியே எடுத்ததும் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சாமி அறைக்குள் போய்விட்டார். திரும்பி வரும்போது தோல் உறையின் மீது சந்தனம், குங்குமம். தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு பிசாங் மாஸ் வாழைப்பழம்.

"வீடு அளக்கறது நல்ல காரியம்லா. சும்மா ஆரம்பிக்கக் கூடாது" என்றார்.

நம் வழக்கம்தான். மனை அளக்க வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது. அளவு கயிறு வந்தால் வீடு எழும்பப் போகிறது என்று அர்த்தம். இருக்கிற வீட்டை இல்லாமல் செய்யவும் ஒருவர் அளக்கலாம் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பழம் ரொம்ப இனிப்பு.

ராமையா அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர். அந்த நாளில் நீங்கள் ஏதாவது டிபார்ட்மென்டுக்குப் போன் செய்திருந்தால், "குட் மார்னிங், செலாமாட் பாகி" என்று ஒரு வானொலிக் குரல் வரவேற்றிருக்கும். அவராக இருக்கலாம். ஒரு தடவை கேட்ட குரலை மறக்க மாட்டார் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம். பந்து விளையாட்டு வர்ணனை கேட்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆபீசிலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்த ஆள் ஒரே நாளில் நின்றுவிட்டான். இரண்டு வாரம் லீவு போட்டு வீட்டிலிருந்த ராமையா அண்ணன், "நான் பிடிக்கிறேன், எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு" என்றார். பன்னிரண்டு வீட்டுக்கும் அவர்தான் பிடித்தார்.

நான்காவது நாள் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் வீட்டுப் படிக்கட்டுக் கூடத்தின் அகலத்தை அளந்து பதினோரு அடி மூன்று அங்குலம் என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன்.

"தப்பு. பதினொன்னுதான்."

"டேப்ல பாத்துத்தான்ணே சொல்றேன்."

"அப்ப உன் டேப்பு பொய் சொல்லுது. நான் பொறந்ததுலேர்ந்து கைய வச்சி நடக்கிற சுவரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் படித்தவள் அல்லவா! துணி டேப்பின் முனையைத் தடவிப் பார்த்தவர் அதை என்னிடம் நீட்டினார். ஆபீசில் யாரோ டேப்பின் கிழிந்த முனையை வெட்டிவிட்டு வளையத்தை மறுபடி தைத்திருந்தார்கள். முதல் மூன்று அங்குலம் இல்லவே இல்லை. நான்கு நாளாக நான் எழுதியது எல்லாமே மூன்று அங்குலம் அதிகம். மூன்று வீடுகளை மறுபடியும் அளந்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "இஞ்சினியரம்மா மறந்து வச்சிட்டுப் போனத எடுக்க வந்திருக்காங்க" என்று உரக்க அறிவித்தார். சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது.

அடுத்தது குறைகளின் பட்டியல். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. பழுதுபார்க்கிறார்கள் என்றதும் பன்னிரண்டு வீட்டிலும் போட்டி வந்துவிட்டது. யார் வீட்டில் குறை அதிகமோ அந்த வீட்டில்தான் வேலை முதலில் ஆரம்பிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். "அவங்க வீட்டுல சும்மா சொட்டுதும்மா. எங்க வீட்டுல வந்து பாரு, ஆறா ஓடுது" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு வீட்டில் கறையான் அரித்த பலகையை எனக்காகவே பெயர்த்து வைத்திருந்தார்கள். ஒன்பதாம் எண் ஆன்டி சுவரின் ஈரத்தைக் காட்டினார். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. கதவுக்குப் பின்னால் வாளியும் துணியும் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், சுவரில் கடுமையான ஈரக்கசிவு என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். பாவம், அவருக்கும் ஒரு சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கட்டுமே என்றுதான். ஒன்றை நான்காக எழுதுவது எனக்கு நல்ல காரியமாகவே பட்டது.

லீவின் கடைசி நாள் ராமையா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனம் அக்கா வேலைக்குப் போயிருந்தார். மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய பீரோ. அதற்குப் பின்னால் கையை விடச் சொன்னார். சுவரில் மெல்லிய குளிர்ச்சி.

"கொஞ்சம் இரு. பட்டர்வொர்த் வண்டி போவட்டும்" என்றார்.

ரயில் வந்தது. வீடு அதிர்ந்தது. என் விரலில் காற்று பட்டது, யாரோ அந்தப் பக்கமிருந்து ஊதுவதைப் போல. பீரோவை நகர்த்திப் பார்த்தோம். தரையிலிருந்து படியின் வயிறுவரை ஒரு விரிசல். ஒரு தீக்குச்சி உள்ளே போனது.

"தனத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா தூங்க மாட்டா. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ எழுதிக்க. ரிப்பேர் பண்றவன் பீரோவ நவுத்திப் பாக்க மாட்டான்லா?"

அந்த ஒரு விரிசலுக்குத் தனியாக ஒரு தாள் ஒதுக்கினேன். எங்கே தொடங்குகிறது, எந்தக் கல்லில் வளைகிறது, எங்கே முடிகிறது, எல்லாம் சிவப்பு மையில். அவ்வளவு அழகாக என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் வரைந்ததில்லை. மிஸ்டர் சந்திரன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "சூப்பர்ப்" என்றார். ஆபீஸ் முழுவதற்கும் காட்டினார். அன்று மதியம் எல்லோருக்கும் என் செலவில் தே தாரிக் டீயும் கறிபாப் பலகாரமும்.

மூன்று மாதம் கழித்துப் பின்னறையில் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது, எந்திரத்திலிருந்து நான் பார்த்திராத ஒரு படம் வந்தது. இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, கீழே மரங்கள், கார்கள், கைவீசி நடக்கும் மனிதர்கள். மனை எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு வீட்டின் எண். முதலாளியின் மேஜையில் அதோடு சேர வேண்டிய அறிக்கை இருந்தது. திறந்து பார்த்தேன். கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது, ஆபத்தானது, பழுதுபார்ப்பதில் பயனில்லை. ஆதாரமாகப் பதினான்கு பக்கம். எல்லாம் என் வாக்கியங்கள். ஒன்பதாம் எண் வாளித் தண்ணீர் இருந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மை விரிசல். மூலையில் என் முதலெழுத்துகள்.

அவர் உள்ளே வந்தார். என் கையில் அறிக்கை இருந்ததைப் பார்த்தும் பதறவில்லை.

"சார், ரிப்பேர்னு சொன்னீங்களே."

"சொந்தக்காரர் அப்ப அப்படித்தான் சொன்னாரு. இப்ப விக்கிறாரு. நான் என்ன செய்ய?" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அதே மெதுவான குரலில், "நான் ஒரு வார்த்தகூட சேர்க்கல. செக் பண்ணிப் பாரு. எல்லாம் உன் வேலதான். குட் வொர்க்" என்றார்.

சரிபார்த்தேன். உண்மைதான். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

நல்லவளாக இருந்தால் அந்த நிமிஷமே பன்னிரண்டு வீட்டுக்கும் ஓடியிருக்க வேண்டும். நான் போகவில்லை. இரண்டு வாரம் வேறு தெரு வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பிறகு தனம் அக்காவே எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார், கையில் ஒரு நீளமான கடிதம். "சூராட் வந்திருக்கும்மா, எல்லா வீட்டுக்கும். படிச்சி சொல்லு, ரிப்பேர் எப்ப ஆரம்பிக்கிறாங்க?" வெளியேற மூன்று மாதத் தவணை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு ஆபீஸ்ல கேட்டு வந்து சொல்றேங்க்கா" என்றேன்.

கேட்டேன். "புதுக் கட்டடத்துல அவங்களுக்குத்தான் முதல் இடம். போய் சொல்லு, ஐ கேரண்டி" என்றார் மிஸ்டர் சந்திரன். அதை நம்பினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் நம்பினேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதுகூட இல்லை. அதை நம்பினால் நான் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடும். அதனால் நம்பினேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நாள்தான், கட்டி முடித்ததும் திரும்பி வந்துவிடலாம், உங்களுக்குத்தான் முதல் இடம். ராமையா அண்ணன் மட்டும் கேட்டார், "புது வீட்டுல எத்தன படி?" லிப்ட் இருக்கும்ணே என்றேன். "அப்ப பழைய பதினேழு படியும் எங்கதான் இருக்கும்?" என்றார். "என் படத்துல இருக்கும்ணே, ஒவ்வொரு படியா வரைஞ்சிருக்கேன்" என்றேன். அவரைச் சமாதானப்படுத்த அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

திரும்பி வரப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படித்தான் போனார்கள். வீட்டைக் கூட்டிக் கழுவினார்கள். கனமான பீரோ, கட்டில், அம்மிக்கல் எல்லாவற்றையும் உள்ளேயே விட்டார்கள். வீட்டை வெறுமையாக விடக் கூடாது என்று அடுப்படியில் ஒரு ஜாடி உப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தார்கள். கதவுக்குத் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். ராமையா அண்ணனும் தனம் அக்காவும் ஏறிய லோரி செராஸ் பக்கம் போனது. பதினோராவது மாடியில் ஒரு வாடகை வீடு.

இடிக்க வந்தவர்கள் பூட்டைத் திறக்கவெல்லாம் மெனக்கெடவில்லை. பக்கச் சுவரிலிருந்து ஆரம்பித்தார்கள். தூசிக்குப் பயந்து கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். ஆபத்தான கட்டடம் என்று எழுதியிருந்தேனே, அது விழ ஒன்பது நாள் ஆனது. ஏழாம் எண்ணின் படிக்கட்டுச் சுவர் இரும்புக் குண்டின் மூன்று அடிக்கும் அசையவில்லை. எந்திரத்தை ஓட்டிய சீனர் இறங்கி வந்து சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "இனி கோத்தா லா" என்று மலாயில், இது கோட்டை என்ற அர்த்தத்தில், சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். கீழே கிடந்த கதவுகளில் பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. நாட்டில் தொழில் படுத்தது, வாங்கிய கம்பெனி காசில்லை என்று கைவிரித்தது. இருபத்திரண்டு மாடியில் ஒரு மாடிகூட எழும்பவில்லை. செங்கல் தூளை நிரவிவிட்டு, தகரக் கொட்டகை ஒன்று போட்டு, காவலுக்கு ஒரு ஜாகா உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். கார் நிறுத்துமிடம். பன்னிரண்டு குடும்பத்தைக் கிளப்பியது கார் நிறுத்தத்தான். முதல் இடம் கொடுக்கிறேன் என்று சொன்ன மிஸ்டர் சந்திரனும் ஆபீசை மூடிவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். மூடிய செய்தி கேள்விப்பட்டு, அதற்கு ஒரு வருஷம் முன்பே வேலையை விட்டிருந்த நான், என் படங்களையாவது வாங்கலாம் என்று ஓடினேன். பின்னறை காலியாக இருந்தது. கீழே காப்பிக் கடைக்காரர் சொன்னார், சுருள் சுருளாகக் கிடந்த தாளையெல்லாம் பழைய காகிதம் வாங்கும் பேப்பர் லாமா லோரிக்காரர் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டு போனாராம்.

கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூட ஆபீஸ் ஒன்றில் வேலை. மேஜையில் அளவுகோல்கூட வைத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அம்மாவைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். பெரிய சாலையோரம் வெள்ளைக் கோலைத் தட்டியபடி ஒருவர், "யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் தாண்டி விடுங்க" என்றார். அதே வானொலிக் குரல். தலை முழுக்க நரைத்திருந்தது.

கையைப் பிடித்தேன். பேசவில்லை. பேசினால் கண்டுபிடித்துவிடுவார்.

"வாய் பேச மாட்டீங்களா? பரவால்ல, நான் பேசறேன். என் பொழப்பே அதானே" என்றார். பாதி சாலையில் தொடர்ந்தார். "இந்தப் பக்கம்தான் எங்க வீடு இருந்துச்சி, ஏழாம் நம்பரு. இடிச்சிட்டான். ஆனா போயிடல, தெரியுமா? ஒரு பொண்ணு வந்து அளந்து படம் போட்டுச்சி. ஒரு இன்ச் விடல. நாந்தான் டேப் பிடிச்சேன். எல்லாம் பேப்பர்ல பத்திரமா இருக்கு."

சாலையைத் தாண்டிவிட்டோம். அவர் கையை விடவில்லை. முகத்தைக் கார் நிறுத்துமிடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "இப்ப அங்க என்னதான் கட்டியிருக்கான்? எனக்குக் காரு சத்தம் மட்டும்தான் கேக்குது. தனத்தக் கேட்டா பேச்ச மாத்திடறா."

பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை. "ஒன்னும் கட்டலண்ணே. காரு நிறுத்தறாங்க" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். கையை உதறிவிடுவார் என்று காத்திருந்தேன். உதறியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சினியரம்மா! சத்தம் காட்டாமலா வர்றே?" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "படம் இருக்குல்லம்மா?"

"இருக்குண்ணே."

"ஒரு தடவ எடுத்துக்கிட்டு வா. தனம் பாக்கட்டும். எங்கைய புடிச்சி படத்துமேல வச்சி, இது படி, இது அடுப்படின்னு காட்டு, போதும். வேற ஒன்னும் வேணாம்."

"கொண்டாரேண்ணே" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரேசிங் தாள், மை, பேனா எல்லாம் புதிதாக வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். ஞாபகத்திலிருந்தே ஏழாம் எண்ணை வரைந்துவிடலாம் என்று நம்பினேன். பன்னிரண்டு வீட்டையும் அளந்தவள்தானே? படி பதினேழு என்று தெரியும். அது இடது பக்கம் திரும்பியதா, வலது பக்கமா? அடுப்படி ஜன்னல் ரயில் பாதையைப் பார்த்ததா, கிணற்றடியையா? சாமி அறைக்குக் கதவு இருந்ததா? இரண்டு வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. விரிசல் மட்டும் வந்தது. தரையிலிருந்து ஏறி, ஏழாவது கல்லில் வளைந்து, படியின் வயிற்றில் முடிகிற அந்த விரிசலைக் கை தானாக வரைந்தது. ஒரு கல்கூடப் பிசகவில்லை. அதன் பிறகு ஒன்பதாம் எண்ணின் ஈரக்கறை. பிறகு கறையான் அரித்த பலகை. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன.

செராஸுக்கு நான் போகவில்லை. ராமையா அண்ணன் இறந்துபோனதையும் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். தனம் அக்கா இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று தெரியாது, விசாரிக்கத் தைரியமும் இல்லை. கார் நிறுத்துமிடமும் போய்விட்டது, இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அன்று வரைந்த தாள் என் பீரோவில் இருக்கிறது. சுவர் இல்லை, கூரை இல்லை, படி இல்லை. பன்னிரண்டு வீட்டில் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது, நான் எழுதிக்கொடுத்த குறைகள் மட்டும்தான்.